ஐந்து டிகிரி

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக இரண்டு எண்கள் என்னை விட்டு நீங்கவில்லை: 24, 29. அவள் முதுகெலும்பு பக்கவாட்டில் எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது என்ற கணக்கு அது: முதல் எண், என் மகளுக்கு 12 வயது நடக்கும்போது எடுத்த முதுகு எக்ஸ்ரேயின் அறிக்கையில் இருந்தது. இரண்டாவது எண், ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் எடுத்த எக்ஸ்ரேயின் அறிக்கையில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஐந்து டிகிரி. அந்த ஐந்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பிய இரவு நான் தூங்கவில்லை. நான் 19 ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் 11-ஆம் வகுப்புக்கு அளவீடுகளையும் அவற்றில் வரும் பிழைகளையும்தான் முதலில் நடத்துவேன். பிழையைச் சொல்லாத அளவு பாதி அளவுதான் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இடுவேன். அப்படிப்பட்ட நான், அந்த அறிக்கையில் 29 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் நானாகக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்விதான் இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அரை இஞ்ச்

என் மகளின் முதுகை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர்; எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. 7-ஆம் வகுப்புச் சீருடைக்காக மே மாதத்தில் அளவு கொடுக்கப் போயிருந்தோம். தோளிலிருந்து கீழ்வரை நாடாவை இறக்கியவர், ஒரு நொடி நின்று, அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சமமான தரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மறுபடி அளந்தார். “வலது தோள் அரை இஞ்ச் ஏறி நிக்குது டீச்சர். போன வருஷம் இப்படி இல்லையே” என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னதும், தரையை மாற்றியதும், இரண்டாம் முறை அளந்ததும் எவ்வளவு ஒழுங்கான செய்முறை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. “அவ கோணலாத்தான் நிப்பா அக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் செய்த ஒரே சிகிச்சை, “நேரா நில்லு” என்று சொன்னதுதான். சாப்பிடும்போது, பல் துலக்கும்போது, கோயில் வரிசையில். என் மாமியார் புத்தகப் பையைக் குற்றம் சொன்னார். என் கணவர் கைப்பேசியைச் சொன்னார். ‘ஐந்தில் வளையாதது’ என்று தொடங்கிய உறவினர் ஒருவர், பழமொழி எந்தத் திசையில் போகிறது என்று புரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளும் எங்கள் சொல்லுக்கு நேராக நிற்க முயன்றாள். ஐந்து நிமிடம் முடியும். பிறகு தோள் தன் இடத்துக்குப் போய்விடும். இளம்பருவத்தில் வரும் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு, நிற்கும் பழக்கத்தால் வருவதில்லை, பை சுமப்பதாலும் வருவதில்லை என்பதை இன்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. 10 டிகிரியும் அதற்கு மேலும் வளைவு உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர். சிறிய வளைவுகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். வளைவு பெரிதாகப் பெரிதாகப் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். அந்த மூன்று மாதம் நான் சொன்ன “நேரா நில்லு” எல்லாம், அவளால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவளைத் திட்டியதுதான்.

ஆகஸ்டில் சளிக் காய்ச்சலுக்குப் போன இடத்தில், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்த குழந்தை மருத்துவர் கையை எடுத்துவிட்டு, “பாப்பா, காலை ஒட்டி வச்சு, முட்டியை மடக்காம, ரெண்டு கையையும் சேர்த்துக்கிட்டு முன்னாடி குனிம்மா” என்றார். குனிந்தாள். நிற்கும்போது ஒன்றும் தெரியாத முதுகில், வலப்பக்க விலா எலும்புகள் ஒரு சிறு மேடாக எழும்பி நின்றன. அவளைப் பெற்று, குளிப்பாட்டி, தலை பின்னி வளர்த்தவள் நான். அந்த மேட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இந்தக் குனிய வைக்கும் சோதனைக்கு வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயர் வழங்குகிறது. 1865-இல் வெளியான அவருடைய விரிவுரைகளில் அது இடம்பெற்றது. அதற்குப் பின்னால் இருக்கும் கதையை நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். இகுவானோடான் என்ற தொல்விலங்கை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மாண்டல் 1841-இல் குதிரை வண்டி விபத்தில் சிக்கினார். அதன்பின் 11 ஆண்டுகள் முதுகு வலியோடு வாழ்ந்து 1852-இல் இறந்தார். அவர் உடலைப் பரிசோதித்த ஆடம்ஸ், இடுப்புப் பகுதி முதுகெலும்பு கடுமையாக வளைந்தும் முறுகியும் இருந்ததைக் கண்டார். உயிரோடு இருந்தபோது அவர் முதுகைப் பார்த்த மருத்துவர்களுக்கு அது பிடிபட்டிருக்கவில்லை. காரணம் எளிது. நாம் முதுகில் தடவி உணர்வது முள்ளெலும்புகளின் பின்முனைகளை மட்டுமே. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது கூடவே முறுகவும் செய்கிறது. அப்போது அந்த முனைகள் வளைவின் உட்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. உள்ளே வளைவு பெரிதாக இருந்தாலும் வெளியே தடவும் கைக்குக் கோடு கிட்டத்தட்ட நேராகவே தெரியும். குனிந்தால்தான் முறுக்கம் விலா எலும்புகள் வழியாக வெளிப்படும். நான் மூன்று மாதம் அவளை நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைக் குனியச் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவர் மேசையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து அந்த மேட்டின் குறுக்கே வைத்தார். வளைந்த குழாய், உள்ளே திரவம், ஒரு குண்டு. கொத்தனாரின் ரசமட்டம்தான், நடுவில் மட்டும் முதுகின் கோட்டுக்காக ஒரு வெட்டு. ஸ்கோலியோமீட்டர் என்று பெயர். வில்லியம் பன்னெல் 1984-இல் இதைப் பற்றி எழுதியபோது 5 டிகிரி சாய்வு இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் தேவையில்லாமல் எக்ஸ்ரேக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் மிகுதி என்பதால் பிறகு அது 7 ஆனது. என் மகளுக்கு 8 காட்டியது. பிறகு கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டார். அது பின்புறத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க. ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சுவரைப் பார்ப்பது போலப் பிள்ளையைப் பார்க்கிறார்களே என்று வேடிக்கையாக இருந்தது. அந்த நாளில் வேடிக்கையாக இருந்தது அது ஒன்றுதான்.

நோட்டுப் புத்தகம்

முதல் எக்ஸ்ரே: 24 டிகிரி. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். காத்திருப்பது எனக்குத் தெரியாத கலை. அளப்பது தெரிந்த கலை. கைப்பேசியிலேயே சாய்வுமானி இருக்கிறது. ஸ்கோலியோமீட்டர் போலவே படிக்கும் செயலிகளும் உண்டு. தினமும் மாலையில் அவளைக் குனியச் சொல்லி, கைப்பேசியை முதுகின் குறுக்கே வைத்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். முதல் இரண்டு வாரம் 8, 7, 9, 8, 7, 8 என்று வந்தது. மூன்றாம் வாரம் 6 வந்தது. அதன் பிறகு 5, 5, 5, 5. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். கோடு இறங்கியது. அன்று அவளுக்குப் பிடித்த அவலும் வாழைப்பழமும் செய்து கொடுத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

செய்முறைத் தேர்வில் ஒரு மாணவனின் அளவுகள் கொஞ்சம்கூடச் சிதறாமல் வந்தால் நான் அந்த ரெக்கார்டைத் தனியே எடுத்து வைப்பேன். உண்மையான அளவுகள் சிதறும். விடையிலிருந்து பின்னோக்கி எழுதியவைதான் சிதறாது. அந்த 5, 5, 5, 5 எனக்கு அப்படித் தோன்றவே பத்து நாள் ஆயிற்று. மறுநாள் கைப்பேசியை முதுகில் வைத்துவிட்டு அவள் காலைப் பார்த்தேன். வலது முழங்கால், பாவாடைக்குள், மிக லேசாக மடங்கியிருந்தது. அந்தப் பக்க இடுப்பு சற்று இறங்க, மேடும் இறங்கிவிடுகிறது. யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எண் குறைந்த நாள்களில் அம்மா எப்படி இருக்கிறாள், கூடிய நாள்களில் எப்படி இருக்கிறாள் என்பதை அவள் என்னைவிட நுட்பமாக அளந்து வைத்திருந்தாள். அதற்கேற்ப முழங்காலை மடக்கிப் பழகியிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டைப் பீரோவில் வைத்துவிட்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கோட்டை எங்கே போடுவது

மார்ச்சில் இரண்டாவது எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தபோது, பெரிய ஊரில் முதுகெலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். அவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. படத்தை மட்டும் முன்கூட்டியே அந்த ஊரிலேயே ஒரு மையத்தில் எடுத்துக்கொண்டோம். அங்கேதான் 29 வந்தது. 24-க்கும் 29-க்கும் நடுவில் 25 என்று ஒரு வேலி இருக்கிறது என்பதை அதற்குள் படித்திருந்தேன். 10-க்குக் கீழே இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. வளரும் பிள்ளைக்கு 25-லிருந்து 40 வரை பிரேஸ், அதாவது முதுகை இறுக்கிப் பிடிக்கும் கூடு. 45, 50 என்று போனால் அறுவை சிகிச்சைப் பேச்சு. என் பெண் ஆறு மாதத்தில் வேலியைத் தாண்டிவிட்டாள். இதே வேகத்தில் போனால் இரண்டு ஆண்டில் எங்கே நிற்பாள் என்று மனக்கணக்குப் போட்டேன். இரண்டு புள்ளிகளை வைத்து நேர்க்கோடு வரைந்து அதை நீட்டாதே என்று எத்தனை பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்!

மருத்துவர் வயதானவர், நிதானமானவர். இரண்டு படங்களையும் ஒரே திரையில் அருகருகே போட்டார். அறிக்கைகளை நான் நீட்டியபோது வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து ஓர் இளம் மருத்துவரை அழைத்து, எதுவும் சொல்லாமல் இரண்டையும் அளக்கச் சொன்னார். அளக்கும் முறையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வளைவின் மேற்கோடியில் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு. கீழ்க்கோடியில் அதே போல் மிகச் சாய்ந்ததைத் தேர்ந்து, அதன் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம்தான் காப் கோணம். நியூயார்க்கில் பணியாற்றிய ஜான் ராபர்ட் காப் 1948-இல் எழுதியது; அன்று எக்ஸ்ரே தாளில் பென்சிலும் பாகைமானியும், இன்று திரையில் சுட்டி. மற்றபடி 75 ஆண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் இதே இரண்டு கோடுகள்தான். இளம் மருத்துவர் சொன்னார்: முதல் படம் 26, இரண்டாவது 28.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். “நீங்க பிசிக்ஸ் டீச்சர்னு சொன்னீங்களே மேடம், நீங்களே போட்டுப் பாருங்க” என்று சுட்டியை என் பக்கம் தள்ளினார். முதல் படத்தையே மூன்று முறை அளந்தேன். 23.4, 27.1, 25.2. முள்ளெலும்பின் விளிம்பு கண்ணாடி விளிம்பு போலக் கூர்மையாக இல்லை; மங்கலான ஒரு பட்டை. அந்தப் பட்டையின் எந்த ஓரத்தில் கோடு போடுவது என்பது என் கையைப் பொறுத்தது. அதைவிட, மிகச் சாய்ந்த எலும்பு ஆறாவதா ஐந்தாவதா என்பதிலேயே எனக்கு ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். மென்பொருளோ தசமத்தில் விடை சொல்கிறது. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், தாடைகளை எங்கே பொருத்துகிறாய் என்பதில் தவறினால் என்ன பயன் என்று நானே கேட்ட கேள்வி திரையிலிருந்து என்னைப் பார்த்தது.

பிறகுதான் கவிழ்த்து வைத்த அறிக்கைகளை அவர் திருப்பினார். முதல் ஊரில் அளந்தவர் ஆறாவது மார்பு முள்ளெலும்பிலிருந்து அளந்திருந்தார்; இரண்டாவது ஊரில் அளந்தவர் ஐந்தாவதிலிருந்து. முதல் படம் காலை ஒன்பது மணிக்கு எடுத்தது. இரண்டாவது, இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கும் வரிசையில் காத்திருந்ததற்கும் பிறகு, மாலை ஆறு மணிக்கு. ஒரே பிள்ளையின் வளைவு காலையைவிட மாலையில் சில டிகிரி கூடுதலாகத் தெரியலாம்; படுத்தால் குறையும், நின்றால் கூடும். ஒரே கை அளந்தாலும் மூன்று முதல் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம், கை மாறினால் இன்னும் கூடும். அதனால் ஐந்துக்குக் கீழே உள்ள மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை என்றார். எங்களுடைய ஐந்து சரியாக வாசற்படியில் நின்றது.

நான் பெருமூச்சு விட்டேன். “அப்போ கூடவே இல்லையா டாக்டர்?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கூடலைன்னு நான் சொல்லலை மேடம். கூடிச்சா இல்லையான்னு இந்த ரெண்டு படத்தை வச்சுச் சொல்ல முடியாதுங்கிறேன்.”

கழித்தாலும் கூடும்

நான் வகுப்பில் நடத்தும் பாடங்களில் பிள்ளைகள் நம்ப மறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு அளவுகளைக் கூட்டினால் அவற்றின் பிழைகளும் கூடும், இதை ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு அளவுகளைக் கழித்தால் பிழைகளைக் கழிக்க வேண்டும் என்று நினைப்பார்கள். கழிக்கக் கூடாது, அப்போதும் கூட்டத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து, “மிஸ், அது எப்படி?” என்று கேட்பார். 24-க்கு முன்னும் பின்னும் 3, 29-க்கு முன்னும் பின்னும் 3 என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட 5-க்கு முன்னும் பின்னும் 6. அதாவது என் மகளின் வளைவு ஒரு டிகிரி குறைந்தும் இருக்கலாம், 11 டிகிரி கூடியும் இருக்கலாம். வர்க்கமூலம் போட்டுக் கணக்கிட்டால் 6 என்பது 4 சொச்சமாகக் குறையும். அது கல்லூரிக்காரர்கள் பாடு.

அந்த அறையில் நான் செய்த தவறு இதுதான்: பிழையைக் கடைக்காரர் தரும் தள்ளுபடி போல எடுத்துக்கொண்டேன். 29-இல் பிழை இருக்கிறது என்றதும், உண்மை 29-க்குக் கீழேதான் இருக்கும் என்று மனம் தானாகச் சரிந்துவிட்டது. கூட்டல் கழித்தல் குறியில் கூட்டல் மேலே எழுதப்பட்டிருக்கிறது. முதல் படத்தின் 24-ஏ உண்மையில் 27 ஆக இருந்திருக்கலாம். அப்படியென்றால் நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த ஆறு மாதமும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறோம். அறிக்கை கையில் கிடைத்த இரவு 29 என்ற எண்ணை அப்படியே நம்பி அழுதேன். மூன்று வாரம் கழித்து அதே எண்ணை அப்படியே நம்பாமல் சிரிக்கப் பார்த்தேன். இரண்டுமே அளவீட்டை மதிக்காத செயல்கள்தான்.

மருத்துவர் அதற்குள் திரையில் வேறோர் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வளர்ச்சிக் காலத்தில் ஒரு மெல்லிய எலும்புத் தொப்பி உருவாகத் தொடங்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஜோசப் ரிஸர் 1958-இல் எழுதியது. 0-லிருந்து 5 வரை படிநிலை. என் மகளுக்கு 0. அவள் இன்னும் வயதுக்கு வரவில்லை. வேகமாக வளரும் காலம் முன்னால் இருக்கிறது. முதுகெலும்பு நீள நீளத்தான் வளைவும் கூடும். “கோணம் 25-ஆ 28-ஆன்னு நாம சண்டை போட வேணாம். வளர வேண்டிய பிள்ளை. பிரேஸ் போடலாம்” என்றார். ஐந்து டிகிரிக்காகத் தூக்கம் கெட்ட எனக்கு, முடிவு அந்த ஐந்தின் மீது நிற்கவே இல்லை என்பது முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நிழல்

சில நாள் கழித்து அந்தப் படங்களை மறுபடி பார்த்தபோது இன்னொன்று தோன்றியது. காப் கோணத்தைத் திருத்தமாக அளந்துவிட்டாலும் அது ஒரு நிழலின் கோணம்தான். முறுகி, பக்கவாட்டில் வளைந்து, முன்பின் வளைவும் மாறிப்போன முப்பரிமாணப் பொருள் ஒன்றைத் தட்டையான தாளில் விழ வைத்து, அதில் ஒரு கோணத்தை எடுக்கிறோம். முறுக்கத்தை அறிய வேண்டுமானால் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண்கள் போலத் தெரியும் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். எலும்பு திரும்பத் திரும்ப ஒரு கண் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். பக்கவாட்டுப் படத்தில் பார்த்தால், மேல்முதுகில் இயல்பாக இருக்க வேண்டிய மென்மையான கூனல் இவளுக்குத் தட்டையாக இருந்தது. இந்த நோயில் பலருக்கு அப்படித்தான். ‘கூன் விழுந்துவிடும்’ என்று பயந்த என் மாமியாரிடம், இவளுக்கு இருக்க வேண்டிய கூன்கூட இல்லை அத்தை என்று சொன்னபோது அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

என் மகளின் மனக்குறையோ இந்த எதிலும் இல்லை. இடுப்பின் இடப்பக்கம் மடிப்பு விழுகிறது, வலப்பக்கம் விழவில்லை. துப்பட்டா வலது தோளிலிருந்து வழுக்குகிறது. இவைதான் அவள் சொன்னவை. 24-இலும் 29-இலும் துப்பட்டா இல்லை. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையே அளக்க வழி உண்டு என்று அறிந்தபோது ஆசிரியைக்கு உள்ளே இருந்த பழைய மாணவி விழித்துக்கொண்டாள். இரண்டு கொசுவலைகள் ஒன்றன் மேல் ஒன்று படியும்போது அலை அலையாகப் பட்டைகள் தெரியுமே, அதேதான். முதுகுக்கு முன்னால் மெல்லிய கம்பிகளாலான சட்டத்தை வைத்து ஒளி பாய்ச்சினால், கம்பிகளின் நிழலும் கம்பிகளும் சேர்ந்து முதுகின் மேடு பள்ளத்துக்கேற்ப வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் போல வளையங்கள் விழும். மோயர் முறை என்று பெயர். ஜப்பானின் தகாசாகி 1970-இல் இதை விளக்கினார், அங்கே பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கவும் பயன்பட்டது. இன்று கோடுகளை முதுகில் பாய்ச்சிக் கணினியே வடிவத்தைக் கணிக்கும் கருவிகள் உள்ளன. கதிர்வீச்சு இல்லை. ஆனால் அது தோலின் வடிவம். அதிலிருந்து காப் கோணத்தை அப்படியே எடுத்துவிட முடியாது. மருத்துவர் ஒன்றைக் கேட்கிறார், என் மகள் இன்னொன்றைக் கேட்கிறாள். ஒரே கருவி இருவருக்கும் பதில் சொல்வதில்லை.

கதிர்வீச்சு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1912-க்கும் 1965-க்கும் இடையில் முதுகு வளைவு கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. சராசரியாக ஆளுக்கு 25 எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 70 விழுக்காடு அதிகம். அந்தக் காலக் கருவிகளின் அளவு இன்றில்லை. கதிர் முதுகுப் பக்கமிருந்து நுழையுமாறு நிற்க வைப்பதாலேயே மார்பில் படும் அளவு வெகுவாகக் குறைகிறது. 1992-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் துகள் உணரிகளிலிருந்து பிறந்த ஈஓஎஸ் கருவி, நின்ற நிலையிலேயே முன்னும் பக்கமும் ஒருசேர மிகக் குறைந்த கதிரில் படம் எடுக்கிறது. என்றாலும் சந்தேகம் தீர இன்னொரு படம் எடுப்போமே என்று இனி என்னால் இலகுவாகச் சொல்ல முடியாது. வகுப்பில், அளவைப் பத்து முறை எடுத்துச் சராசரி காண் என்போம். இங்கே ஒவ்வோர் அளவுக்கும் அவள் உடம்பு விலை கொடுக்கிறது. ஆகவே எடுக்கும் ஒரு படத்தை ஒழுங்காக எடுப்பதுதான் மிச்சம்: அதே மையம், அதே காலை நேரம், வெறுங்கால், இரண்டு காலிலும் சமமான பாரம், அளக்கும்போது அதே முள்ளெலும்புகள். இதை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். படம் எடுக்கும் பையன் முதல்முறை அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

பெல்ட்

வீட்டில் யாரும் பிரேஸ் என்று சொல்வதில்லை, பெல்ட்தான். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, ஒரு நாளைக்கு 18 மணி நேரம், எங்கள் ஊர் ஏப்ரல் வெயிலில். இது உண்மையில் பயன் தருமா என்று கேட்டபோது, 2013-இல் வெளியான ஓர் ஆய்வை மருத்துவர் சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில், 20-லிருந்து 40 டிகிரி வரை வளைவுள்ள, இன்னும் வளரும் பிள்ளைகளை வைத்து நடந்தது. எலும்பு முதிரும்வரை 50 டிகிரியைத் தொடாதவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காடு, போடாதவர்களில் 48. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். பிரேசுக்குள் வெப்பத்தை உணரும் சிறு பொறியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் உடம்பில் இருந்தது என்றும் அளந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். பிள்ளைகள் சொல்லும் மணிக்கணக்கை நம்பாமல் பொறி வைத்தவர்களை நான் மெச்சுகிறேன். மடங்கிய முழங்காலை அவர்களும் எங்கோ பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமலே தப்பிய 48 பேரையும் நான் மறக்கவில்லை. என் மகள் அவர்களில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதைப் பெல்ட் போட்ட பிறகு கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை.

அவள் போடுகிறாள். சில நாள் அழுகிறாள், சில நாள் பள்ளியில் தோழிகளை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்கிறாள். வெளியே சொல்லாதே, நாளைக்கு ஒரு வரன் வரும்போது இது பேச்சாகும் என்ற அறிவுரை வந்தது. அதை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. இந்த மார்ச்சில் எடுத்த படத்துக்கு முந்தின இரவே பெல்ட்டைக் கழற்றிவிடச் சொன்னார் மருத்துவர்; பிடித்து வைத்திருக்கும் முதுகின் கோணம் வேறு, விட்டுவிட்ட முதுகின் கோணம் வேறு. ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். ரிஸர் 2. அறிக்கையில் 27 என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால், கூட்டல் கழித்தல் 3 என்று நான் எழுதிக்கொண்டேன். அழவில்லை, அவலும் செய்யவில்லை.

மே மாதம் மறுபடி தையல் கடைக்குப் போனோம். அக்கா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தவர், சுடிதாருக்கு மேலாகவே பெல்ட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இத மாட்டிக்கிட்டு அளக்கவா டீச்சர், கழட்டிட்டு அளக்கவா?”

நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். “மாட்டிக்கிட்டே எடுங்க அத்தை, பள்ளிக்கூடத்துக்கு இதோடதானே போவேன். வலது பக்கம் மட்டும் கொஞ்சம் லூஸ் விடுங்க” என்றாள் மகள். அக்கா அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சமமான தரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிக்கொண்டார்.